காதுக்கு ஒரு வட்டம்

அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், என் பேச்சுக்குச் சிரிக்காமல் இரண்டு வருசம் தாக்குப்பிடித்த ஒரே ஆள் அவர்தான். எங்கள் முதலாளிகூடச் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டு வேலையைச் சொல்வார். அந்த அம்மா வேலையை மட்டும் சொல்வார்.

கிராம சுகாதார நர்ஸ். என் வயதுதான் இருக்கும், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். கம்பெனிக்குள்ளேயே ஒரு குழந்தைக் காப்பகம் உண்டு. மிஷினில் உட்காரும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை தடுப்பூசி அட்டைகளைப் பார்க்க அந்த அம்மா அங்கே வருவார்.

நான் பேக்கிங் இன்சார்ஜ். கூடவே, பிள்ளைகளையும் தொழிலாளிகளையும் நாங்கள் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று ஆடிட்டுக்கு வருபவர்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டுகிற வேலையும் என்னுடையது. இந்த இரண்டாவது வேலை எனக்குக் கிடைத்ததற்கு ஒரே தகுதி, சிரித்துக்கொண்டே பொய் சொல்ல வரும் என்பதுதான்.

முதல் நாள் வந்ததும் அந்த அம்மா கேட்டது: "எத்தனை காதுங்க இருக்குது?"

"பதினாலு கொழந்தைங்க. ஆளுக்கு ரெண்டு வச்சுத்தானுங்க செஞ்சிருக்குது" என்றேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா முந்தானையில் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"இருவத்தெட்டு" என்று அவர் எழுதிக்கொண்டார். "அதுல எத்தனை ஒழுகுதுங்க?"

நான் ஆயாம்மாவைப் பார்த்தேன்.

நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு வரி. ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த வரியில் இரண்டு வட்டம் போடுவார், இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பிள்ளையை மடியில் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். காது காய்ந்திருந்தால் வட்டம் வெறுமையாக இருக்கும். சீழ் வடிந்தால் பேனாவால் அடைத்துக் கறுப்பாக்குவார். பிறகு அம்மாவைப் பார்த்து அந்த ஒரே கேள்வி: "இது எத்தனாவது தடவைங்க?"

எங்கள் ஊரில் காய்ச்சலுக்கு டிகிரி சொல்வோம், பீஸுக்குச் சைஸ் சொல்வோம். காது ஒழுகுவதற்கு எண்ணிக்கை உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை. சளி பிடித்தால் ஒழுகும், சளி விட்டால் நிற்கும். "செரியாயிருச்சுங்க" என்பார்கள் அம்மாக்கள்.

"செரியாயிருச்சுன்னு காதுதானுங்க சொல்லோணும். நீங்க சொன்னா எப்படிங்க?" என்பார் அந்த அம்மா. எவ்வளவு திட்டினாலும் அந்த 'ங்க' மட்டும் குறையாது. மரியாதையாகத் திட்டு வாங்குவதுபோல் கேவலம் வேறில்லை. திருப்பிக் கத்தவும் முடியாது.

ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்காக இரண்டு இந்திச் சொற்களைக் கற்று வைத்திருந்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, "கித்னா பார்?" என்பார், எத்தனை தடவை என்று. அந்தப் பெண்கள் விரலைக் காட்டுவார்கள். இரண்டு விரல், மூன்று விரல், சில சமயம் ஒரு கை முழுசும்.

அவருக்கு ஏன் காதின்மேல் இப்படி ஒரு பிடிவாதம் என்று கம்பெனியில் ஆளுக்கொரு கதை கட்டினோம். சொந்தப் பிள்ளை செவிடாம், தங்கச்சி ஊமையாம். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கண்ணுக்குக் கேம்ப் போடறாங்க, பல்லுக்குப் போடறாங்க. மேல அனுப்பற பாரத்துல காது ஒழுகறதுக்கு ஒரு கட்டங்கூட இல்லீங்க. கட்டமில்லாட்டி நோயே இல்லீன்னு ஆயிருமுங்களா?" என்றார். அவ்வளவுதான் கதை. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஒரு வியாழக்கிழமை ஒடிசாப் பையன் ஒருவனின் காதிலிருந்து நீலம் வடிந்தது. எந்த லாட் துணி என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது: நேவி ப்ளூ, கழுத்துப் பட்டித் துணி. எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் மூக்குத் துடைக்க, அடுப்புத் துடைக்க, வண்டி துடைக்க எல்லாவற்றுக்கும் கட்டிங் வேஸ்ட்தான். வெட்டி விழுகிற பனியன் துண்டு. காது ஒழுகினால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, அந்தத் துண்டைத் திரித்து அடைத்துவிடுவோம். அந்தப் பையனின் அம்மாவும் இங்கே வந்து கற்றுக்கொண்டதைத்தான் செய்திருந்தாள். சாயம் கரைந்து சீழோடு வந்திருக்கிறது.

நான் உள்ளங்கை வியர்க்க நின்றேன். வியர்த்தால் எனக்கு நாக்கு அடங்காது. "நம்ம சாயம் ஒட்டாதுன்னு சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு எழுதிக் குடுத்திருக்கறமுங்க. இந்தப் பையன் காட்டிக் குடுத்துருவானாட்டம் இருக்குது" என்றேன்.

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாயம் போடாத துணி கொஞ்சம் வேணுமுங்க. வேக வச்சுக் காயப்போட்டுக் குடுங்க" என்றார். அதை நூல் மாதிரி மெல்லிசாகத் திரித்துக் காதோரம் வைத்து, ஈரத்தை உறிஞ்சவிட்டு எடுத்தார். புதுத் திரி, மறுபடி. காய்ந்த திரி வெளியே வருகிறவரை. "அடைக்கறதுக்கில்லீங்க, உறிஞ்சறதுக்கு. எண்ணெ ஒரு சொட்டு ஊத்தப்படாது" என்று ஒவ்வொரு அம்மாவின் கையையும் பிடித்துச் செய்யவைத்தார். ஊருக்கே உள்ளாடை தைத்து அனுப்புகிற எங்களுக்குத் துணியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நோட்டைப் புரட்டிப் புரட்டி அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். திரும்பத் திரும்பக் கறுப்பாகிற வட்டங்கள் பாதிக்குமேல் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுடையவை. ஒரு ஆயாம்மா, பதினாலு பிள்ளை. அவளுக்கு இரண்டு கைதான். அதனால் கைப்பிள்ளைகளை மல்லாக்கப் போட்டு, பால் பாட்டிலை வாயில் வைத்து, பாட்டில் சாயாமலிருக்க வேஸ்ட் துணிச் சுருளை முட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள். எங்கள் தொழில் மூளை. பார்த்துப் பாராட்டியிருக்கிறோம்.

"படுத்துட்டே குடிச்சா பாலு தொண்டையிலிருந்து காதுக்கு ஏறுமுங்க" என்று முதலாளியிடம் போய் நின்றார். "இன்னொரு ஆள் போடுங்க. உக்காத்தி வச்சுக் குடுக்கோணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எப்படியோ பேக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பகத்துக்கு மாற்றினோம்.

அடுத்து அவர் செய்ததுதான் வினை. நோட்டில் இருந்ததைப் பெரிய வெள்ளை அட்டையில் எழுதிக் காப்பகத்துச் சுவரில் மாட்டினார். மாதத்துக்கு ஒரு பத்தி, பிள்ளைக்கு ஒரு வரி. முதல் மாதங்கள் அம்மை கண்ட உடம்புபோல் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன. போகப்போக, மழைக்காலம் தாண்டியும், கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் ஓடிவந்து தங்கள் பிள்ளையின் வரியை விரலால் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளையாக இருந்தால் ஒரு சத்தம் போடுவார்கள் பாருங்கள், லாட்டரி விழுந்த மாதிரி.

அந்த அட்டையில் ஒரே ஒரு வரியின் இடது வட்டம் மட்டும் விடாமல் கறுத்துக்கொண்டிருந்தது. அது என் மகள் தாரணியுடையது.

பத்து வருசம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பிறந்தவள். அப்போது மூன்று வயது. என் வீட்டுக்காரி அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள், பிள்ளை காப்பகத்தில். முதல் தடவை அவள் காதைப் பிடித்துக்கொண்டு அலறிய மத்தியானம், அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டம் இன்றைக்கும் கம்பெனியில் நடித்துக் காட்டப்படுகிறது. ஒரு காலில்தான் செருப்பு. கையில் பேக்கிங் டேப் மிஷின். கூடவே ஓடிவந்த வீட்டுக்காரியை வண்டியில் ஏற்றிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டார்.

ஏழு நாள் கொடுக்கச் சொல்லி மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை டிவி முன்னால் ஆடினாள். நான் பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். அடுத்த தடவை வலி வந்தபோது அதே பாட்டில். அதற்கடுத்த தடவை வலிகூட இல்லை, வெறுமனே ஒழுகியது. அதனால் பாட்டிலும் இல்லை, ஓட்டமும் இல்லை.

"இது எத்தனாவது தடவைங்க?" என்றார் அந்த அம்மா.

"மூணு... நாலு இருக்குமுங்க."

"அஞ்சு. மருந்து முழுசாக் குடுத்தீங்களா?"

"மீதி வச்சிருக்கறமுங்க. எங்க ஊட்ல எதையும் வீணாக்க மாட்டம்."

வட்டத்தை அவர் அழுத்தி அடைத்த அழுத்தில் தாள் கிழிந்தது. "உங்களுக்கு வலிச்சாத்தானுங்க நோவு" என்றார். அப்போது அது எனக்குச் சாதாரணத் திட்டாகத்தான் பட்டது.

காது கேட்கிறதா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பனியனை மடித்துப் போடும் மெல்லிய பாலிபேக் ஒன்றை என்னிடம் வாங்கி, பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் மெதுவாகக் கசக்குவார். திரும்புகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். எங்கள் ஊருக்கு அது தேவையான வழி. நாள் முழுக்க மிஷின் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்துகிறவர்கள் நாங்கள். வீட்டுக்குப் போயும் அதே தொண்டையில்தான் சோறு கேட்போம், அதே தொண்டையில்தான் பிள்ளையைக் கொஞ்சுவோம். நாங்கள் கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் திரும்பும். காது மந்தமான பிள்ளையும் திரும்பும். அதனால் எந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய பையர் ஒருவரின் ஆடிட் வந்தது. முந்தின நாள் முதலாளி காப்பகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவருக்கு முன்னால் நின்றார்.

"ஏப்பா, இதென்ன கறுப்புக் கறுப்பா?"

"காது ஒழுகுன புள்ளைங்க கணக்குங்க. நர்சம்மா போட்டதுங்க."

"நம்ம கம்பெனியில இத்தனை புள்ளைக்குச் சீக்குன்னு நாமளே செவுத்துல எழுதி மாட்டியிருக்கறமா?"

"கொறைஞ்சிருக்குதுன்னு காட்டறதுங்க..."

"கொறைஞ்சது அவனுக்கு எதுக்கு? இருந்தது கண்ணுல படுதில்ல?"

நான் அட்டையைக் கழற்றினேன். வெற்றுச் சுவர் இன்னும் மோசமாகத் தெரிந்தது, ஆணியும் அழுக்குக் கோடுமாக. அதனால் புது அட்டை வாங்கி, நானே உட்கார்ந்து, வளையல் ஒன்றை வைத்து வட்டம் வட்டமாகப் போட்டேன். எல்லாப் பெயரும் எழுதினேன். எல்லா வட்டமும் வெள்ளை. தாரணி என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நின்றது, அவ்வளவுதான். அதற்கும் இரண்டு வெள்ளை வட்டம் போட்டுவிட்டு, "பாரு கண்ணு, அப்பன் உன்ர காதை ஒரே நாள்ல செரி பண்ணிப்போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேன். ஆடிட்டர் அந்த அட்டையைப் போட்டோ எடுத்தார். என்னோடு கை குலுக்கினார்.

அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மா புது அட்டையின் மேல் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். நான் நகைச்சுவைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பழசு எங்கீங்க?"

"வேஸ்ட்டோட போயிருச்சுங்க."

"கறுப்பு இருந்தாத்தானுங்க கொறைஞ்சது தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. "இன்னிக்கு வேல நெறையங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாக மடியில் சாய்த்து, தன் நோட்டில் வழக்கம்போல வட்டம் போடத் தொடங்கினார்.

காப்பகத்தில் வேண்டாத பயத்தைக் கிளப்புகிறார் என்று முதலாளி யாரிடமோ சொன்னார். அந்த யாரோ வேறு யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாறுதல் வந்தது. ஊரோடு போகிறார், சந்தோசமாகத்தான் இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசிக்கொள்வது வசதியாக இருந்தது.

கடைசி நாள், கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு பாலிபேக் கேட்டார். தாரணி தரையில் உட்கார்ந்து காலி நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பக்கம் பின்னால் போய்க் கசக்கினார். சட்டென்று திரும்பினாள். இடது பக்கம் போய்க் கசக்கினார். அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். இன்னும் கிட்டே. இன்னும் கிட்டே. தோளுக்கு அரை முழம் தள்ளி அந்த அம்மா கவரைக் கசக்கிக்கொண்டிருந்தார். என் மகள் ஏழாவது நூல்கண்டை மேலே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கை தட்டினாள்.

"இந்த மாசத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "இப்பப் போனா நேரமிருக்குதுங்க. தள்ளிப் போடாதீங்க சாமி." அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் பயந்துபோனேன். ஆனால் என் பயத்துக்கு ஒரு குணம் உண்டு, அது அலறலுக்கு மட்டும்தான் ஓடும். பிள்ளை அலறவில்லை. ஆடினாள், பாடினாள், நான் கத்திக் கூப்பிட்டால் வந்தாள். அந்த மாதம் ஷிப்மென்ட் இருந்தது. அடுத்த மாதம் மச்சினி கல்யாணம். அதற்கடுத்த மாதம், சுவரில் நானே வெள்ளையாகப் போட்ட காதை ஆஸ்பத்திரியில் போய்க் கறுப்பு என்று எழுதி வாங்கிவர ஒருமாதிரி இருந்தது. வீட்டுக்காரி, "நர்சம்மா என்னவோ சொன்னாங்களாமா?" என்று கேட்டபோது, "அந்தம்மாளுக்குக் காதைத் தவர வேற பேச்சு ஏது?" என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்தேன். அது நான் அடித்த நல்ல நகைச்சுவைகளில் ஒன்று.

பதினோரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வலது காது ஜன்னல் பக்கம் இருக்க உட்காரவைத்தால் டீச்சர் சொல்வதைப் பிள்ளை எழுதுவதில்லையாம், பக்கம் மாற்றினால் எழுதுகிறாளாம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சீழ் உள்ளே எலும்புவரை அரித்துவிட்டது. ஆபரேசன் செய்து சீழை நிறுத்தலாம், போன கேள்வி போனதுதான் என்றார் டாக்டர். "முன்னாலயே யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரி என்னைத்தான் பார்த்தாள். அங்கே மின்விசிறி இல்லை, நான் பார்ப்பதற்கு.

ஆபரேசன் முடிந்ததும் அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மூலனூருக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். துணைச் சுகாதார நிலையம் எது என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

"இதுக்கா அத்தனை தூரம் போனீங்க?" என்றாள் வீட்டுக்காரி. முருங்கைக்காயை அவள் சமைக்கவில்லை. அது காய்ந்தே போனது.

இப்போது எங்கள் காப்பகத்தில் காது ஒழுகல் அறவே கிடையாது. எண்ணுவதற்கு ஆள் இல்லை. மாற்றிவிட்ட பெண் பேக்கிங்குக்குத் திரும்பி வந்துவிட்டாள். பாட்டில்களுக்கு மறுபடியும் துணிச் சுருள் முட்டு. என் வெள்ளை அட்டைக்கு லேமினேசன் போட்டாயிற்று. அதில் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வருசா வருசம் அதைப் போட்டோ எடுக்கிறார்கள்.

இந்த வருசம் ஆடிட்டுக்கு முந்தின நாள், யாரும் இல்லாதபோது, மார்க்கரை எடுத்து ஒரே ஒரு வட்டத்தை அடைத்தேன். தாரணி, இடது. அடைத்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடப் போனேன், ஏதோ சாதித்தவன் மாதிரி.

மறுநாள் ஆடிட்டரம்மா அட்டையின் முன்னால் நின்றார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் தாரணியும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக அவள் என் இடது பக்கம்தான் நடப்பாள், நல்ல காது என் பக்கம் இருக்க வேண்டும் என்று. அன்றைக்குக் கூட்டத்தில் பக்கம் மாறிவிட்டது. ஆடிட்டரம்மா அந்தக் கறுப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். வட்டத்துக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

"கொசு உக்காந்துதுங்க. ஒரே அடி, அங்கயே செட்டில் ஆயிருச்சு" என்றேன்.

ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்கள். ஆடிட்டரம்மா சிரித்தார், முதலாளி சிரித்தார், ஆயாம்மா குலுங்கினாள். தாரணி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாகச் சிரித்தாள்.

சாயங்காலம் வண்டியில் முன்னால் உட்காரவைத்து, அவளுடைய வலது காதோரம் குனிந்து கேட்டேன். "அப்பன் என்ன சொன்னேன்னு அப்படிச் சிரிச்சே கண்ணு?"

"தெரியலப்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் இப்படிச் சிரிப்பது எத்தனாவது தடவை என்று நான் கேட்கவில்லை.